பதில்: பாட்டியின் நீலத் தட்டில் பழுப்புக் கறை

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டில் கிடைத்த நீலப்பூத் தட்டு, பின்னால் ‘இங்கிலாந்து’ முத்திரை, விரிசல் ஓரம் பழுப்புக் கறை. கிளோரோக்ஸ் என்ற பிளீச் (வெளுக்கும் திரவம்) கலவையில் ஊறவைக்கலாமா, இது நோன்யா பீங்கானா என்று கேட்டிருந்தீர்கள்.

கிளோரோக்ஸ் வேண்டவே வேண்டாம். இவ்வகைத் தட்டு பெரும்பாலும் நுண்துளை உள்ள சுடுமண். விரிசல் வழியே பிளீச் உள்ளே இறங்கி, காயும்போது உப்பாகப் படிந்து மேற்பூச்சையே உரித்துவிடும்.

முதலில் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் மூழ்கவிடுங்கள். துளைகள் நீரால் நிறைந்தால்தான் கறை மேலும் ஆழத்துக்குப் போகாது. பிறகு மருந்தகத்தில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்துக் கறைமேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பஞ்சு காயுமுன் மாற்றுங்கள். கையுறை அவசியம். கறை மங்கியதும் மீண்டும் நல்ல நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பினாங்கு ஈரக்காற்றில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரத்துக்குச் சமையல் ஓவனில் வைத்தால் விரிசல் நீளும். தங்க விளிம்போ பழைய பசை ஒட்டோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

இது நோன்யா பீங்கான் அல்ல. அது பெரும்பாலும் சீனாவின் ஜிங்டெசென்னில், பெரனாக்கான் (மலாயாவில் குடியேறிய சீனர்களின் வழித்தோன்றல்கள்) குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டது. இளஞ்சிவப்பு, பச்சைப் பின்னணியில் பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் இருக்கும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது 1891இல். ஆகவே உங்கள் தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

இதில் ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய் பரிமாறாதீர்கள். பழைய மேற்பூச்சில் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைக்கும். சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்.