ஆளில்லாத இடத்தில் பெய்யும் மழை

கேள்வி: மேற்கே தோன்றிய மதங்கள் மனிதனை உலகத்துக்கே எஜமான் ஆக்கிவிட்டன. நம் மதங்களோ இயற்கையைத் தெய்வமாகக் கும்பிடுகின்றன. காடும் ஆறும் இன்று பாழாய்ப் போனதற்கு அந்த எஜமான் புத்திதானே காரணம்?
- தஞ்சாவூர் வாசகர் ஒருவர்

பதில்: பாபநாசம் போயிருக்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாபநாசம் இல்லை, பொதிகை அடிவாரத்தில் தாமிரபரணி இறங்கி வரும் பாபநாசம். அங்கே முங்கிக் குளித்துவிட்டு, பாவம் தொலையட்டும் என்று உடுத்திய வேட்டி சேலையை ஆற்றோடு விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஆற்றைக் கும்பிட்டுவிட்டுத்தான் விடுகிறார்கள். அந்தத் துணியெல்லாம் பாறை இடுக்கில் சிக்கி, பாசி பிடித்து, அள்ள அள்ளத் தீராமல் கிடக்கிறது. கும்பிட்டால் ஆறு பிழைத்துக்கொள்ளும் என்றால் கங்கைக்குத்தான் முதலில் விடிந்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வி புதிதில்லை. 1967-இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயன்ஸ்' இதழில் கிட்டத்தட்ட இதையே எழுதினார்: உலகம் கண்ட மதங்களில் மனிதனை அதிகமாக நடுவில் வைத்தது மேற்கத்தியக் கிறிஸ்தவம்தான் என்று. இந்தக் கட்சிக்காரர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டுவது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளச் சொல்லும் வசனம். சரி, அந்த வசனம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே அதே மனிதனுக்குத் தோட்டக்காரன் வேலை. ஏதேனைப் 'பண்படுத்தவும் காக்கவும்' வைக்கப்படுகிறான். இன்னொன்று, அந்தக் கட்டுரையை ஒயிட் எப்படி முடித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அசிசி நகரத்துக் கிறிஸ்தவத் துறவி பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தும்விட்டார். குற்றப்பத்திரிகை வாசித்தவரே அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் சாட்சியையும் கூட்டி வந்தார்.

அப்புறம் அதே பைபிளில் வரும் யோபு. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து, எனக்கு ஏன் இப்படி என்று கேட்கிறவனுக்குக் கடவுள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. 'நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?' என்று திருப்பிக் கேட்கிறார். கேட்டுவிட்டு வரையாடு எப்போது ஈனும் தெரியுமா, காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், தீக்கோழி, கழுகு என்று பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போகிறார். மனிதக் குடியே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்யவைத்து அங்கே இளம்பூண்டு முளைக்கச் செய்வது யார் என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும் இடம் அது. விதைக்க ஆளில்லை, குடிக்க ஆளில்லை, பெய்கிறது. எஜமான் என்கிறீர்களே, அவன் இந்தக் காட்சியில் எங்கே நிற்கிறான் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

குர்ஆனில் மனிதன் பூமியில் கலீஃபா, பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பிரதிநிதி. அதே குர்ஆன்தான் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது (6:38). வானங்களையும் பூமியையும் படைத்தது மனிதரைப் படைத்ததைவிடப் பெரிய காரியம் என்றும் சொல்லிவைக்கிறது (40:57).

இனி நம் பக்கம் என்று நீங்கள் பெருமைப்படும் பக்கத்துக்கு வருவோம். இங்கேயும் மனிதனுக்கு உயர்ந்த ஆசனம்தான். கடலில் ஒற்றைத் துளை போட்ட நுகத்தடி ஒன்று மிதக்கிறது, நூறு வருஷத்துக்கு ஒருமுறை மேலே வரும் குருட்டு ஆமை அந்தத் துளைக்குள் தலையை நுழைப்பது எவ்வளவு அரிதோ, மனிதப் பிறவி அதைவிட அரிது என்றார் புத்தர். சமணத்தில் மண், நீர், தீ, காற்று, செடிகொடி எல்லாமே தொடு உணர்வுள்ள ஓரறிவுயிர்கள். ஆனாலும் தேவலோகத்துத் தேவருக்கு முக்தி வேண்டுமென்றால்கூட மனிதராகப் பிறந்தே ஆக வேண்டும். சுகத்தில் கிடக்கும் தேவரால் விரதம் ஏற்க முடியாது, முழுத் துறவு மனிதனுக்குத்தான் கூடும். அதாவது வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ள முடிவதற்காக அந்த ஆசனம்.

சமணர் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். விஷயம் அதற்குப் பிறகு இருக்கிறது. வடிகட்டிய துணியைப் புரட்டிப் போட்டு, வடித்த நீரையே கொஞ்சம் ஊற்றி அலசி, துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே கிணற்றில் கொண்டுபோய் விடுவார்கள், வேறு கிணறு ஆகாது. மேலிருந்து கொட்டவும் கூடாது. வாளியை நீர்மட்டம் வரை இறக்கித்தான் கவிழ்க்க வேண்டும். இயற்கை தெய்வம் என்ற பேச்சே அதில் கிடையாது. கவனிக்கவும்.

காடு ஆறு பாழானதற்கு யார் காரணம் என்றுதானே கேட்டீர்கள்? மத்திய ஆசியாவின் ஆரல் கடலைப் பாருங்கள். மதமே வேண்டாம் என்ற சோவியத் அரசு, பருத்தி வயலுக்காக அதில் வந்து விழும் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட, 1960-களில் வற்றத் தொடங்கிய கடல் அது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் தரைதட்டி நின்றன. யாரும் ஆதியாகமம் படித்துவிட்டு அந்தக் கால்வாய்களை வெட்டவில்லை. பருத்திக்கு விலை இருந்தது, வெட்டினார்கள். நம்மூரில் ஆற்று மணல் அள்ளுகிறவரும் லாரியில் சாமி படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.

பாபநாசம் போகிற எண்ணமிருந்தால் மாற்று வேட்டியோடு ஒரு பையும் எடுத்துப் போங்கள். ஈரத்துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாவம் கூடவே வந்துவிடாது.