மெலியும் குழந்தை: அலட்சியம் என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஏழு மாதக் குழந்தை ஒன்று மெலிந்துகொண்டே வருகிறது. அம்மா காப்பித் தோட்ட வேலைக்குப் போனதும் ஒன்பது வயது அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். இதை அலட்சியம் என்று பதிவு செய்யலாமா? எதை வைத்து அளப்பது?

பதில்: இப்போதைக்கு அந்தச் சொல் வேண்டாம். "தாய் கவனிப்பதில்லை" என்பது தீர்ப்பு. "காலை 11 மணி, துணி நனைந்திருந்தது, 6 மணிக்குப் பால் குடித்ததாக அக்கா சொன்னாள்" என்பது பதிவு. நாளைக்கு மருத்துவரோ குழந்தைகள் நலக் குழுவோ கேட்டால் இதுதான் நிற்கும்.

முதலில் எடை. பிறந்த எடை சுமார் 5 மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும். வளர்ச்சி அட்டையில் கோடு எந்த மாதம் சரியத் தொடங்கியது? அம்மா வேலைக்குத் திரும்பிய மாதமா, பேதி வந்த மாதமா? தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளக்கும் புயச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரு பாதமும் வீங்கியிருந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தாலும் சரி. விசாரணையெல்லாம் அப்புறம்.

மெலிவுக்கு இதயக் கோளாறோ காசநோயோகூட காரணமாக இருக்கலாம். மருத்துவமனையில் வேறு நோய் எதுவும் தெரியாமல், ஒழுங்காக ஊட்டியதுமே எடை ஏறினால், வீட்டில் ஊட்டம் போதவில்லை என்று ஓரளவு சொல்லலாம். ஏன் போதவில்லை என்பதை எடைக்கருவி சொல்லாது.

அதற்கு, அம்மா வீட்டில் இருக்கும்போது போய், ஒரு வேளை ஊட்டி முடிக்கும்வரை உட்கார்ந்து பாருங்கள். குழந்தை சிணுங்கினால் திரும்புகிறாளா? முகம் பார்த்துப் பேசுகிறாளா? வாயை மூடிக்கொண்டால் பொறுக்கிறாளா, திணிக்கிறாளா? குழந்தை அவள் முகத்தைத் தேடுகிறதா? அழுது அழுது யாரும் வராமல் போனால் சில குழந்தைகள் அழுவதையே குறைத்துவிடும். "சமத்து, அழவே அழாது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். வீடு குப்பையாகக் கிடப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மாவுக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள்தான். கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். ஆமாம், அப்பாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே? அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

வறுமையையும் அலட்சியத்தையும் பிரித்துக் காட்டுவது, உதவி கிடைத்த பிறகு நடப்பதுதான். பாட்டியோ பக்கத்து வீட்டு அத்தையோ, பகலில் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சத்துமாவை எப்படிக் காய்ச்சுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை எப்படி ஊட்டுவது என்று செய்து காட்டுங்கள். அதே தராசில், துணியில்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குழந்தை கேட்பாரற்றுக் கிடந்தால் தாராளமாக அலட்சியம் என்று எழுதி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த அக்கா பள்ளிக்குப் போகிறாளா என்பதையும் விசாரித்து அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.