பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தில் ஏன் அதிக கோல் அடிக்கவில்லை?

கால்பந்தில் ஸ்ட்ரைக்கர் என்றால் எதிரணி கோலுக்கு அருகே நின்று கோல் அடிக்க வேண்டியவர். ஆனால் பந்து அவரிடம் வந்து சேர வேண்டுமே! சிக்கிம்காரரான இந்திய ஸ்ட்ரைக்கர் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி (Bury) அணிக்குப் போனார். 2002 வரை அங்கே 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள்தான். நடுவில் முழங்கால் காயம் வேறு.

எங்கள் காரைக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்களுக்கும் மூன்று வருடக் கணக்குதான். ஊரில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அங்கே பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி இருக்கும் இடத்தில், உட்கார்ந்து, கடன் கேட்டு வருகிறவர் முகம் பார்த்து அவர் நாணயமானவரா என்று கணிக்க நாளாகும். ஸ்ட்ரைக்கருக்கும் அப்படித்தான். சகவீரர் எந்த நொடியில் பந்தைத் தள்ளுவார் என்று கால் பழக வேண்டும்.

அப்புறம், ஐரோப்பிய அணிக்கு ஆடிய முதல் இந்தியர் பூட்டியா என்பது தவறு. 1936-லேயே கல்கத்தாவின் முகமது சலீம், பூட்ஸ் போடாமல் காலில் துணிக்கட்டுடன் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஆடினார்.