பத்திர நகலுக்கு இடையில் ஒருவர் எதற்கு?

கேள்வி: "உங்கள் வீட்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பெற்றுத் தருகிறோம், குறித்த நாளுக்குள் பணம் கட்டுங்கள்" என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. மேலே முத்திரை, கீழே கெடு. என் பெயர், வீடு வாங்கிய தேதி, பதிவு எண் எல்லாம் சரியாக இருப்பதால் அரசுக் கடிதமோ என்று பயமாக இருக்கிறது. கட்டிவிடட்டுமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் விவரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதானே பயம்? பல நாடுகளில் பத்திரப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர்களும் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடிதத்தை மறுபடி படியுங்கள். இது அரசு அனுப்பியதல்ல என்ற வரி எறும்பு எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கலாம். அதே நகலைப் பதிவு அலுவலகத்தில் நீங்களே கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் இவர்கள் கேட்பதில் சிறு பங்குதான் செலவாகும். அதற்கும் முன்னால் ஒன்று: பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருந்தால் இப்போது நகல் எதற்கு?

கேள்வி: ஒரு மனை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். விற்பவர் பழைய பத்திரங்களின் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் நானே சரிபார்க்க முடியுமா?

பதில்: பதிவேடு பொதுவாகத் திறந்திருக்கும் இடமென்றால் முடியும், சரிபார்க்கவும் வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரு பக்கத்தை விட்டுவிடுவது அப்படியொன்றும் கடினமான வேலையல்ல.

அங்கே பதிவு எந்த முறையில் நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த வழியில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு ஆதாரம். அந்த முறை உள்ள இடத்தில் வேலை எளிது. ஆவணங்களை மட்டும் பதியும் இடங்களில், 'இப்படியொரு பத்திரம் வந்தது, பதிந்தோம்' என்பதற்கு மேல் அலுவலகம் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பது உங்கள் தலைவலி. அங்கே கடைசிப் பத்திரத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதை எடுங்கள், பிறகு அதற்கு முந்தையதை. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே விற்பவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

தேடும்போது சறுக்குவது பெயரில்தான். முதலெழுத்து முன்னே பின்னே மாறியிருக்கும், எழுத்துப் பிழை இருக்கும், திருமணத்துக்குப் பின் பெயரே வேறாகியிருக்கும். மனையைப் பிரித்தபோது மனையின் எண்ணும் மாறியிருக்கலாம். ஆகவே பெயரை வைத்தும் எண்ணை வைத்தும் தனித்தனியாகத் தேடுங்கள்; அடமானம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'பதிவு இல்லை' என்று திரை சொன்னால் உடனே நிம்மதி அடையாதீர்கள். கணினியில் ஏற்றியது ஏதோ ஓர் ஆண்டிலிருந்துதான் இருக்கும். அதற்கு முந்தையது அலுவலகத்தின் தடித்த தொகுதிகளில் தூங்கும்.

பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தம், வாய்வழிப் பாகப்பிரிவினை, சொல்லாமல் விட்ட வாரிசு ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. நேரில் போய் மனையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

படித்துப் பார்க்கச் சாதாரண நகல் போதும். வங்கியோ நீதிமன்றமோ கேட்டால் மட்டும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வாங்கும்போது வரைபடமும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்; விடுபடுவது பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான்.