ஆங்கிலத்தில் ‘வெரி’யை விட்டால் வேறு சொல்லே கிடையாதா?

‘ரொம்ப’ என்று அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் வெரி தவிர என்னென்ன உண்டு, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாத்தியார் இல்லை. மொரீஷியஸில் கணக்கு வேலை. நாள் முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில். சூடுபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

முதல் சூடு ‘டூ’. ஒருவர் அனுப்பிய மாத அறிக்கை அருமையாக இருந்தது. பாராட்டுவதாக நினைத்து ‘யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீடெயில்டு’ என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதம் பன்னிரண்டு பக்க அறிக்கை இரண்டு பக்கமாக வந்து நின்றது! இந்த டூ ‘ரொம்ப’ அல்ல, ‘வேண்டியதற்கு மேல்’. சாம்பாரில் உப்பு தூக்கல் என்போமே, அந்தத் தூக்கல்.

வெரியும் எல்லாச் சொல்லோடும் ஒட்டாது. கோல்டு, டயர்டு, பிக் எல்லாம் கூடும், குறையும். அவற்றுக்கு வெரி, எக்ஸ்ட்ரீம்லி சரி. ஃப்ரீசிங் (உறைய வைக்கும் குளிர்), எக்ஸாஸ்டட் (அடித்துப் போட்ட களைப்பு), இனார்மஸ் (மாபெரும்) போன்றவற்றுக்குள் ‘ரொம்ப’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அங்கே அப்சல்யூட்லி ஃப்ரீசிங்தான். வெரி ஃப்ரீசிங் காதில் இடிக்கும். ‘ரொம்பச் செக்கச்செவேல்’ என்று நாம் சொல்வதில்லை அல்லவா, அதே கணக்கு. ரியலி மட்டும் இரண்டு வீட்டிலும் கை நனைக்கும்.

‘செக்க’ சிவப்பை விட்டு நகராது, ‘கன்னங்’ கருப்பை விட்டு நகராது. ஆங்கிலத்திலும் இப்படி ஜோடிகள் உண்டு: வைட் அவேக் (முழு விழிப்பு), பிட்ச் பிளாக் (கன்னங்கரேல்), ஸ்டோன் கோல்டு (ஒரேயடியாக ஆறிப்போனது). இவற்றை ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள், விதி தேடாதீர்கள்.

குவைட் கொஞ்சம் வில்லங்கம். பிரிட்டிஷ்காரர் குவைட் குட் என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’. அமெரிக்கர் சொன்னால் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வினைச்சொல்லை அழுத்த இன்னொரு டூ இருக்கிறது, ‘செய்’ என்ற பொருளுள்ளது. ‘ஐ டூ அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ‘புரியத்தான் செய்கிறது’. தமிழிலும் அதே இடத்தில் ‘செய்’ வந்து நிற்பதைக் கவனித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வெரியும் பிறப்பால் பழைய பிரெஞ்சில் ‘உண்மை’ என்ற சொல்தான். நம் ‘மெய்யாலுமே’ மாதிரி.

வெரி வெரி என்று இரட்டிப்பது பேச்சில் ஓடும், மெயிலில் வேண்டாம். இரட்டித்து நான் ஏமாந்தது மொரீஷியஸில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில். ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் சந்தையில் செக்கச்செவேல் என்று துணி வேண்டுமென்று ‘ரூஸ்-ரூஸ்’ கேட்டேன். ரூஸ் என்றால் சிவப்பு. கடைக்காரத் தமிழ்ப் பெண்மணி வெளிறிய ஒரு துணியை எடுத்துப் போட்டார். இங்கே நிறத்தை அப்படிச் சேர்த்து இரட்டித்தால் அழுத்தம் குறைந்து ‘சிவப்பு மாதிரி’ ஆகிவிடுமாம். “‘மாரி ரூஸ்’னு கேளுங்க தம்பி” என்றார். அந்த மாரி நம் ஆத்தா இல்லை, கிரியோலில் ‘செம’.