எமிலி காரின் அடிமரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வான்கூவர் கலைக்கூடத்தில் கனடிய ஓவியர் எமிலி காரின் (Emily Carr) ஓவியங்களைப் பார்த்தேன். 1930-ஐ ஒட்டி அவர் வரைந்த இருண்ட பெருங்காடுகளின் முன் வெகுநேரம் நின்றேன். அதற்குப் பிந்தைய படங்கள் ஏமாற்றமளித்தன. முக்கால்வாசி வானம், கீழே வெட்டுப்பட்ட அடிமரங்கள், அவசரமாக இழுத்த கோடுகள். பலதும் வெறும் தாளில். வறுமையும் முதுமையும் கையைத் தளர்த்திவிட்டனவா? உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திக்கொள்வதுதானே கலைஞருக்கு அழகு?

தி. ரா., பர்னபி

அன்புள்ள தி. ரா.,

அந்தக் கடைசிக்காலப் படங்களைத்தான் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

வறுமையை விடுங்கள். தாள் மலிவு, உண்மைதான். 1932 வாக்கில் மணிலாத் தாள் என்னும் மலிவான பழுப்புத் தாளில், எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்துத் தீட்டத் தொடங்கினார். நீர்வண்ணம்போல ஓடும், சீக்கிரம் காயும், காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகலாம். காற்றில் மரம் அசைவதைப் பிடிக்க அந்த வேகம் வேண்டும். தளர்ந்த கைக்கு அது வராது.

எனக்குக் கோபம் வந்தது அடிமரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான். அவர் வாழ்ந்த விக்டோரியா நகரைச் சுற்றி அவர் கண்முன் கிடந்தது மரம் வெட்டி முடித்த நிலமும் சரளைக் குழிகளும். அதை மறைத்துவிட்டு மனிதக் கால்படாத காட்டை வரைந்திருக்க வேண்டுமா? அவர் காலத்து ஓவியர் லாரன் ஹாரிஸும் நண்பர்களும் ஆளில்லாத ஏரியையும் மலையையும் வரைந்து அதையே கனடாவின் முகமாக்கினார்கள். பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மண் அது. ஹாரிஸ் மீது காருக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் வெட்டியதை வெட்டியதாகவே வரைந்தார்.

ஸ்டான்லி பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். பழைய செடார் அடிமரங்களைக் கிட்டே போய்ப் பார்த்ததுண்டா? ஒன்றில் என் நெஞ்சு உயரத்தில் வாய்போல ஒரு வெட்டு இருந்தது. அடிப்பகுதி பருத்து விரிந்திருக்கும் என்பதால், அந்த வெட்டில் பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று அறுப்பார்கள். கையை விட்டேன், மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே ஈரப்பாசி. மேலே ஓர் இளம் ஹெம்லாக் மரம் முளைத்து, அதன் வேர் அந்த வெட்டின் ஓரமாகவே மண்ணுக்கு இறங்கியிருந்தது. காரின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கைக்கு அந்த ஈரம் வந்துவிடுகிறது. மரம் சாயும்போது அறுபடாமல் கிழிந்து, அடிமரத்தில் துருத்தி நிற்கும் சிலாம்புகளை 'அலறிகள்' என்று தன் நாட்குறிப்பில் எழுதியவர் அவர். அதைப் போய்க் கைத்தளர்ச்சி என்கிறீர்களே!

1935-இல் வரைந்த ஒரு படம் அதே கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பலகைக்கு ஆகாதென்று விட்டுப்போன ஒல்லி மரம். உச்சியில் மட்டும் ஒரு கொத்துத் தழை, அதைச் சுற்றி வளையவளையமாக ஒளிரும் வானம். சுற்றியிருந்தவை வெட்டப்படாமல் அந்த ஒற்றை மரத்துக்கு அத்தனை வானம் எப்படிக் கிடைக்கும்? அடிமரங்களோடு சேர்த்துப் பாருங்கள், தயவுசெய்து.

உச்சத்தில் நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாடகை வீடு நடத்தி, அதிகம் வரையாமலே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் போயின அவருக்கு. 1927-இல் ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடம் அவரைக் கண்டுகொண்டபோது வயது ஐம்பத்தைந்து. 1937-இல் மாரடைப்பு. 1942-இல், எழுபது வயதில், மவுண்ட் டக்ளஸ் காட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். இதில் எந்த வருடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? படங்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்