அமாவாசைக் கூட்டமும் பூநாரைகளும்: வாசகர் கேள்வி பதில்

(இந்தப் பகுதியில் பதில் எழுதுபவர், டெல்டாவின் கடலோர நகராட்சி ஒன்றில் 26 வருடம் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: சின்னதாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். தை அமாவாசைக்கு ஆதிசேது கடல்துறையில் குளிக்க வருகிற கூட்டம் கோடியக்கரை முழுக்கக் குப்பையை விட்டுவிட்டுப் போகிறது. பறவை பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். வருகிறவர்கள் கட்டுகிற கட்டணம் எங்கோ போகிறது, குப்பை மட்டும் ஊருக்கு மிஞ்சுகிறது. இதை எங்கே போய்க் கேட்பது?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே ஈரத்துணி வாடை வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஊரிலும் அமாவாசைக்குக் கடலில் குளிக்கிற துறை உண்டு. குளித்த துணியைத் தண்ணீரிலேயே விட்டால் தோஷம் கழியும் என்று விட்டுவிடுவார்கள். காய்ந்த துணியாக இருந்தால் ஒரு டிராக்டரில் அடங்கிவிடும். உப்புத் தண்ணீரும் மணலும் ஏறிவிட்டால் அதே துணிக்கு மூன்று டிராக்டர் வேண்டும். முதல் வருடம் அமாவாசைக்கு மறுநாள் நாங்கள் பதினான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்தோம். கரையில் மட்டக்குதிரை ஒன்று புளியோதரை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து பிடுங்கப் போனால் ஓடிவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

டிராக்டருக்குப் போட்ட டீசலை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மூன்று அலுவலகங்களுக்குள் கடிதம் போய் வந்துகொண்டே இருந்தது. "அந்த இடம் எங்கள் எல்லையில் வராது" என்றே மூன்று பேரும் எழுதினார்கள். நீங்கள் படுகிற வேதனையும் இதுதான் என்று எனக்குத் தெரிகிறது.

அடுத்த வருடம் துணி தண்ணீருக்குள் போவதற்கு முன்பே கையில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். கரையேறும் இடத்தில் பன்னிரண்டு மூங்கில் கூடை வைத்து, பக்கத்தில் எங்கள் பெண் பணியாளர்கள் இரண்டு இரண்டு பேராக நின்றார்கள். "அம்மா, துணியை இதுல போடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று விடிகாலை நாலு மணியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் போட்டார்கள். ஒலிபெருக்கியில் எவ்வளவு கத்தியும் நடக்காதது, பக்கத்தில் நின்று ஒரு மனுஷி கேட்டதும் நடந்தது.

சரி, யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் பொறுப்பு வனத்துறைக்கு. வெளியே சாலை, கடைத்தெரு, வண்டி நிறுத்துகிற திடல், கழிப்பறை இதெல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கட்டணம் வாங்க வழி இருக்கிறது. ஒரு அமாவாசைக்கு வரும் வேன்களை எண்ணிப் பாருங்கள், அந்தத் தொகை எவ்வளவு என்று தெரியும். அது அப்படியே துப்புரவுக்கும் குடிநீருக்கும் செலவாக வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். திடக்கழிவு விதிகளிலேயே, உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி நடத்துபவர் மூன்று வேலை நாளுக்கு முன்னால் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அன்னதானப் பந்தல் போடுகிறவர்களிடம் இதைக் காட்டிப் பேசலாம்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு நவம்பர் 1 முக்கியம். பறவைகள் வந்து இறங்குகிற நேரம் அது, தை அமாவாசைக்கும் மூன்று மாதம் போல இருக்கும். நாகை மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை. தலைவர் இல்லை என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள். எத்தனை கூடை, எத்தனை ஆள், எந்த இடத்தில் கழிப்பறை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். 2002-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தை மாதம் சதுப்பில் பூநாரைகள் இரை தேடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில்தான் நம் கூட்டமும் வருகிறது. கூட்டத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நம் அப்பன் பாட்டன் வந்த கரை அது.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பறவை பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாமா? கடற்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மனையும் இருக்கிறது, அங்கே குடில் கட்டலாம் என்கிறார் என் மகன்.
- வாசகி, ஆயக்காரன்புலம்

பதில்: மாடி அறைகளைத் தாராளமாக விடுங்கள் அம்மா. நீங்களே குடியிருக்கிற வீட்டில் விருந்தாளியைத் தங்க வைப்பதற்குச் சுற்றுலாத்துறையில் பதிவு செய்யும் முறை இருக்கிறது. வருகிறவருக்கு உங்கள் சமையல், உங்களுக்கு நாலு காசு, ஊருக்கும் நல்லது.

கடற்கரை மனை விஷயத்தில் மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது கடல் தண்ணீர் எட்டுகிற எல்லை) 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி என்று சொல்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் இடத்தில் மட்டும் அது 50 மீட்டர். ஊராட்சியில் ரசீது வாங்கிவிட்டோம் என்பதை நம்பிப் பணத்தைப் போட்டு, பிறகு நோட்டீஸ் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தை முதல் பங்குனி வரை அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரியும். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கம் நகரும். குடில் வாசலில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், கடலுக்குப் போக வேண்டியது சாலைக்கு வந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனோம். சில இடங்களில் மரங்கள் காய்ந்து நிற்கின்றன. சுற்றுலாப் படகுகள்தான் காரணமா?
- மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: படகுகளை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம் தம்பி. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபோது அந்தக் காடு வாங்கிய அடி பெரியது. அதற்கு முன்பிருந்தே இருக்கிற குறை நன்னீர். பாமணியாறும் கோரையாறும் அந்தக் காயலில்தான் போய்ச் சேர்கின்றன. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறக்கிற தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து, மிச்சம் கடலில் கலந்தால்தான் அலையாத்திக்குத் தாகம் தீரும். உப்பைத் தாங்குகிற மரம் என்பது உண்மைதான். ஆனால் ஆற்றுத்தண்ணீர் குறைந்து, வெயிலில் சேறு காய்ந்து உப்பு ஏறிக்கொண்டே போனால் அதனாலும் தாங்க முடியாது. வனத்துறை மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலைத்தண்ணீர் உள்ளே போய்வர வழி செய்து கன்று நட்டது அதற்காகத்தான். அடுத்த முறை போகும்போது அந்த வாய்க்கால்களைக் கவனித்துப் பாருங்கள்.

"கடலுக்குப் போகிற தண்ணீர் வீண்" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கிற இடம் அது. அதை நம்பி முத்துப்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கிறது.

கேள்வி: நாங்கள் நகராட்சி எல்லைக்குள் இருக்கிறோம். எங்களுக்குக் கிராம சபை கிடையாதே?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பகுதி சபை இருக்கிறது. 2022 முதல் நகர்ப்புறத்திலும் வார்டு குழு, பகுதி சபை என்று கொண்டுவந்திருக்கிறார்கள். கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், தெரியாது என்றால் நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப்போக ஆசை. எப்போது போகலாம், என்ன கொண்டுபோக வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ போங்கள், அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி வேதாரண்யத்தில் தங்கினால் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சூரியன் கிளம்பும்போது புல்வெளியில் வெளிமான் மேயும். வெயில் ஏறினால் நிழலுக்குப் போய்விடும், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, உப்பளத்தையும் காட்டுங்கள்.

சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும். ஒரு மஞ்சப்பையைக் குப்பைக்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, அதைக் கும்பகோணம் வரைக்கும் திரும்பக் கொண்டுபோய் உங்கள் தெருத் தொட்டியில் போடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை கண்ணில் பட்டால் பிஸ்கட் நீட்ட ஆசை வரும். கையைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் நின்றே பார்க்கச் சொல்லுங்கள்.